அழைப்புக் கடிதம் வருமுன் உடலை ஆயத்தம் செய்வோம்



சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஆண்டு விழா மலர்களில் நாம் பெரும்பாலும் சித்திரத்தைப் பற்றியே எழுதி வருகின்றோம். மொழி, கலை, பண்பாடு, கல்வி ஆகிய யாவும் அச்சித்திரத்தின் வண்ணங்கள். இம்முறை சுவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். அதற்குக் காரணம் உண்டு. பாலர் வகுப்பில் "அ" எழுதக் கைபிடித்துக் கொடுத்த சிறுவர்கள் இன்று மேல்வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் பலர் சுவிஸ் குடியுரிமை பெற்றவர்கள். பதினெட்டு வயதை எட்டும்போது அவர்கள் வீட்டுத் தபாற்பெட்டிக்கு இராணுவ சேவை பற்றிய கடிதம் வந்து சேர்கின்றது. அக்கடிதத்தை எதிர்கொள்ள அவர்களின் உடல் ஆயத்தமாக உள்ளதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சட்டம் கூறுவது

சுவிற்சர்லாந்தில் ஆண் குடிமக்கள் அனைவருக்கும் இராணுவ சேவை கடமையாகும். இது நாட்டின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. பெண்கள் விரும்பினால் சேரலாம். இக்கட்டாய சேவையை நீக்குவதா என்று 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தோரில் நூற்றுக்கு 73 பேர் நீக்க வேண்டாம் என்றனர். ஆகவே இது எளிதில் மறைந்துவிடக்கூடிய வழக்கமன்று.

முதலில் தகவல் நாள். அடுத்து இரண்டு அல்லது மூன்று நாட்கள் நீடிக்கும் ஆட்சேர்ப்புப் பரிசோதனை. அதன்பின் ரெக்ரூட்டன்சூலே என்று பிள்ளைகள் கூறும் ஆரம்பப் பயிற்சி. 2018இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி இப்பயிற்சி பொதுவாக 18 வாரங்கள் நீடிக்கின்றது. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் கோடையிலும் தொடங்குகின்றது. மனச்சான்று இடங்கொடாதவர்களுக்குச் சிவில் சேவை என்னும் வழி 1996இலிருந்து சட்டபூர்வமாகத் திறந்துள்ளது. அதன் காலம் இராணுவ சேவையைப் போல் ஒன்றரை மடங்கு. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது ஒவ்வோர் இளைஞனும் தன் உள்ளத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. அதில் நாம் தலையிடவில்லை. படைப்பயிற்சிக்குச் செல்வதென்று முடிவாகிவிட்டால், ஆயத்தமின்றிச் செல்லலாகாது என்பதே நம் கருத்து.

வீட்டில் நிலவும் மௌனம்

இராணுவம் என்ற சொல் நம் இல்லங்களில் சாதாரணச் சொல்லன்று. 1983இன் பின்னர் இந்நாட்டை வந்தடைந்த பெற்றோர்களுக்கு அச்சொல் சுற்றிவளைப்பையும் சோதனைச் சாவடியையும் ஷெல் விழும் ஓசையையும் நினைவூட்டும். சீருடையைக் கண்டால் ஒதுங்கிச் சென்ற தாய், தன் மகனே சீருடை அணிந்து புகையிரத நிலையத்தில் நிற்பதைக் காண நேரும்போது அவள் நெஞ்சில் எழுவதை எவரும் எள்ளி நகையாட முடியாது. அந்தப் படை வேறு, இந்தப் படை வேறு என்று அறிவு சொன்னாலும் நெஞ்சு உடனே ஏற்பதில்லை.

இதன் விளைவாகப் பல வீடுகளில் இவ்விடயம் பேசப்படுவதேயில்லை. கடிதம் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றது. "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பதோடு பேச்சு முடிகின்றது. மகனும் தாயின் மனம் நோகுமே என்று வாய் திறப்பதில்லை. ஆனால் மௌனம் பிள்ளையைக் காப்பதில்லை. குறித்த நாள் வரத்தான் செய்யும். அன்று அவன் தன் உடலைத் தவிர வேறெதையும் துணையாகக் கொண்டு செல்ல முடியாது. அச்சம் உண்மையானதாயின், அதற்கு உரிய மருந்து ஆயத்தமே.

பரீட்சைக்குப் படிப்பது போலன்று

நம் பிள்ளைகள் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதில் வல்லவர்கள். இறுதி இரண்டு வாரங்கள் இரவுபகலாகக் கண்விழித்துப் படித்து நல்ல புள்ளிகளைப் பெற்றுவிடுவோரும் உண்டு. அதே முறையை உடலிடம் காட்ட முற்படுவதே பெரிய இடர். பயிற்சி தொடங்க இரு வாரங்கள் இருக்கையில் புதிய ஓட்டச் சப்பாத்து வாங்கி, நாள்தோறும் பத்துக் கிலோமீற்றர் ஓடத் தொடங்கும் இளைஞன் பலமடைவதில்லை. காயத்தோடு முகாமுக்குப் போகின்றான்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது நலம். தொடர்ந்து பயிலும்போது இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே முன்னேற்றம் காட்டும். தசைகள் அடுத்து வலுப்பெறும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை ஏறும்போது, அது முதலில் பழைய பகுதியை அரித்தெடுத்து, பின்னரே புதிய பகுதியைக் கட்டுகின்றது. வீட்டைத் திருத்துவோர் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்புவது போன்றது இது. இடித்தது முடிந்து கட்டுவது முடியாத அந்த இடைக்காலத்தில் எலும்பு முன்னிருந்ததிலும் சற்று நலிந்திருக்கும். பயிற்சியின் தொடக்க வாரங்களில் தாடை எலும்பு நோவும் பாத எலும்பு வெடிப்பும் மிகுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். இங்கு நாம் தாடை என்றது முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பை.

இது புதிய கண்டுபிடிப்புமன்று. நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதங்கள் காரணமின்றி வீங்குவதை பிரெய்ற்ஹவுப்ற் என்ற பிரசிய இராணுவ வைத்தியர் 1855இலேயே எழுதி வைத்தார். கதிர்ப்படம் வந்த பின்னர்தான் அது எலும்பில் ஏற்பட்ட நுண்ணிய வெடிப்பு என்று தெளிவாயிற்று. இன்றும் அதற்கு நடைப்பயண முறிவு என்றே பெயர். வீழ்ந்து அடிபடாமலேயே, நடந்து நடந்தே எலும்பு வெடிக்கக்கூடும் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அந்த இடித்துக் கட்டும் வேலை முகாமில் நிகழாமல் வீட்டிலிருக்கும்போதே நிகழ்ந்து முடியட்டும் என்பதே முன்னாயத்தத்தின் முழுப் பொருள்.

ஐந்து சோதனைகள்

ஆட்சேர்ப்பின்போது வைத்தியப் பரிசோதனையோடு உடற்றகுதிச் சோதனையும் நடைபெறும். அது ஐந்து பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் உயர்ந்தபட்சம் 25 புள்ளிகளாக மொத்தம் 125 புள்ளிகள்.

முதலாவது, சுவரோடு முதுகை ஒட்டி அமர்ந்தபடி 2 கிலோ நிறையுள்ள பந்தை மார்பிலிருந்து தள்ளி எறிதல். இரண்டாவது, ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே நீளம் பாய்தல். மூன்றாவது, ஒற்றைக் காலில் நிற்றல். பத்து விநாடிகளின் பின் கண்களை மூடவேண்டும். இருபது விநாடிகளின் பின் தலையையும் பின்னே சாய்க்கவேண்டும். எளிதென்று எண்ணுவோர் இன்றே வீட்டில் செய்து பார்க்கலாம். நான்காவது, முன்னங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைத்துக்கொண்டு, தாளத்துக்கேற்ப இரு பாதங்களையும் மாறி மாறி உயர்த்துதல். ஐந்தாவது, ஓட்டம். மணிக்கு 8.5 கிலோமீற்றர் என்ற மெதுவான வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு 200 மீற்றருக்கும் வேகம் அரைக் கிலோமீற்றர் கூடிக்கொண்டே போகும். ஈடுகொடுக்க முடியாதபோது நிறுத்திக்கொள்ளலாம்.

இளைஞன் எப்பிரிவில் சேர்க்கப்படுவான் என்பதில் இப்புள்ளிகளுக்கும் பங்குண்டு. பாரவூர்தி ஓட்டவோ, மருத்துவப் பிரிவில் பணியாற்றவோ, மலைப்படையில் சேரவோ விரும்புகின்றவன் அந்த விருப்பத்தைச் சொல்லும்போது அவன் உடலும் அதற்குச் சான்று கூற வேண்டும். சோதனைக்கு எதுவும் செய்யாமற் சென்று, "எனக்குப் பிடித்தது கிடைக்கவில்லை" என்று பின்னர் வருந்துவதில் பயனில்லை.

பதினாறு வாரத் திட்டம்

குறைந்தது பதினாறு வாரங்களுக்கு முன்னர் தொடங்குதல் நன்று. கோடையில் செல்பவன் மார்ச்சிலும், ஜனவரியில் செல்பவன் செப்டெம்பரிலும் தொடங்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், ஓடும்போது நெஞ்சு நோவு அல்லது மயக்கம் கண்டவர்கள், இளவயதில் இருதய நோயால் இறந்த உறவினரைக் கொண்டவர்கள் முதலில் வைத்தியரைக் காணுதல் கட்டாயம்.

முதல் நான்கு வாரங்களில் வாரத்துக்கு மூன்று நாட்கள், அரை மணிநேரம். இரண்டு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாற்றி மாற்றிச் செய்தால் போதும். ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியவேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகையென்று பொருள். மேலும் இரு நாட்கள் உடலின் நிறையையே கருவியாகக் கொண்ட பயிற்சிகள்: தண்டால், இருந்தெழும்புதல், பலகைபோல் நிற்றல், படியேறுதல். ஞாயிற்றுக்கிழமை வெறும் முதுகுப்பையோடு ஐந்து கிலோமீற்றர் நடை.

அடுத்த நான்கு வாரங்களில் நடையைக் குறைத்து, அரை மணிநேரம் இடைவிடாது ஓடும் நிலையை எட்டலாம். ஞாயிறு நடை எட்டுக் கிலோமீற்றராகவும் முதுகுச் சுமை ஐந்து கிலோவாகவும் உயரட்டும். மூன்றாம் கட்டத்தில் வாரத்தில் ஒருநாள் மட்டும் ஒரு நிமிட விரைவோட்டத்தை இடையிடையே சேர்க்கலாம். இறுதிக் கட்டத்தில் பத்துக் கிலோ சுமையோடு பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீற்றர் நடக்க முடிந்தால் அது நல்ல அடித்தளம். கடைசி வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, உடலை ஓய்வெடுக்க விடவேண்டும்.

இங்கு மூன்று விதிகளை வலியுறுத்துகின்றோம். ஒரே வாரத்தில் தூரத்தையும் சுமையையும் சேர்த்துக் கூட்டலாகாது. சுமையோடு ஓடலாகாது, நடக்கவே வேண்டும். எலும்பின் ஓரிடத்தில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய நோவு தோன்றினால், அதைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது வீரமன்று. நிறுத்தி வைத்தியரிடம் காட்டுவதே அறிவு.

பாதத்தைப் பற்றியும் ஒரு சொல். மென்மையான விளையாட்டுச் சப்பாத்துக்கே பழகிய கால், கணுக்காலை மூடும் கனத்த சப்பாத்துக்குள் முதன்முறையாக நாள்முழுவதும் இருந்தால் கொப்புளம் எழாமல் இராது. ஆகவே ஞாயிறு நடையை மலையேறும் சப்பாத்தோடு செய்தல் நன்று. நகத்தை நேராக வெட்டுதல், ஈரமான காலுறையை உடனே மாற்றுதல், தோல் சிவக்கத் தொடங்கும்போதே ஒட்டுப்போடுதல் ஆகியவை சிறிய செயல்களே. ஆனால் நெடுநடையில் பலரைத் தளரச் செய்வது நெஞ்சின் களைப்பன்று, குதிகாற் கொப்புளமே.

இதற்கெல்லாம் பணம் கட்டி உடற்பயிற்சி நிலையத்தில் சேரவேண்டிய தேவையில்லை. விற்றா பார்க்கூர் என்னும் காட்டுப் பயிற்சிப் பாதைகள் இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்நூறு உள்ளன. முதலாவது 1968இல் சூரிச்சில் திறக்கப்பட்டது. வழிநெடுகப் பயிற்சி நிலைகளும், எதை எவ்வாறு செய்வதென்ற படப்பலகைகளும் உண்டு. கட்டணம் இல்லை.

உணவும் உறக்கமும்

நம்மவருக்கென்று சில தனிக் கவனங்கள் உள்ளன. கருமை நிறத் தோல், அதே வெயிலில் வெண்தோலைவிடக் குறைவாகவே விற்றமின் டி உருவாக்கும். ஒக்டோபர் முதல் மார்ச் வரை இந்நாட்டுச் சூரியன் அதற்குப் போதியதன்று. எலும்புக்கு இச்சத்து இன்றியமையாதது. மரக்கறி மட்டும் உண்ணும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்தும் குறையக்கூடும். தாமாக மாத்திரை வாங்கி விழுங்காமல், வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை செய்து கொள்வதே முறை.

நம் சாப்பாடு கெட்டதென்று நாம் கூறமாட்டோம். பருப்பும் கீரையும் மீனும் முட்டையும் பயறும் எந்த விளையாட்டு வீரனுக்கும் ஏற்றவை. தட்டில் சோறு மலையாகவும் கறி அதன் ஓரத்திலும் இருப்பதை மாற்றி, பருப்பையும் மீனையும் மரக்கறியையும் கூட்டினால் போதும். நள்ளிரவு தாண்டியும் கைத்தொலைபேசியோடு விழித்திருப்பவன் அதிகாலையில் எழும்பும் முகாம் வாழ்வுக்குத் திடீரென மாறமுடியாது. உறங்கும் நேரத்தையும் பதினாறு வாரங்களில் சிறிது சிறிதாக முன்னே நகர்த்த வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

"பயிற்சி கொடுப்பதற்காகத்தானே அங்கு அழைக்கின்றார்கள், நாம் ஏன் முன்கூட்டியே வருந்த வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். இன்று முகாம்களிலும் சுமையைப் படிப்படியாகவே ஏற்றுகின்றார்கள். ஆயினும் அந்தப் படிகள் ஒரு குழுவினர் அனைவருக்கும் பொதுவாக அமைக்கப்பட்டவை. அவற்றின் முதற்படியிலாவது கால் வைக்கும் வலிமை நம்மிடம் இருக்கவேண்டும்.

"படிப்புக் கெட்டுவிடும்" என்பது இன்னொரு மறுப்பு. வாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணிநேரமே நாம் கேட்பது. உலக சுகாதார நிறுவனமோ 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒருமணிநேர உடலுழைப்பு வேண்டுமென்று கூறுகின்றது. நம் கணக்கு அதிலும் குறைவே.

"உடல் பலவீனமாயிருந்தால் விட்டுவிடுவார்கள், அதுவே நல்லது" என்று மெல்லிய குரலில் சொல்வோரும் உளர். இக்கருத்தையே நாம் வன்மையாக மறுக்கின்றோம். சேவை எதுவும் செய்யாதோர் வருமானத்தில் நூற்றுக்கு 3 வீதம், ஆண்டொன்றுக்குக் குறைந்தது 400 பிராங்க், விலக்கு வரியாகச் செலுத்த நேரும் என்பது ஒருபுறமிருக்கட்டும். தன் மகன் பலவீனமாயிருக்க வேண்டுமென்று எந்தப் பெற்றோர் மனமாரப் பிரார்த்திப்பர்? தெற்காசிய மக்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் ஏனையோரைவிட இளவயதில், மெலிந்த உடலிலும் வருகின்றன. பதினெட்டு வயதில் தளர்ந்த உடல், நாற்பதில் மருந்துப் பெட்டியைத் தேடும். சேவை விருப்பமில்லையெனில் சிவில் சேவை என்னும் நேர்வழி இருக்கின்றது. பலவீனம் வழியாகாது.

குடும்பமும் பாடசாலையும்

ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் ஊர்களில் உடற்பயிற்சி என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. கிணற்றில் நீர் இறைத்தோம். மைல் கணக்கில் மிதிவண்டி மிதித்தோம். மாலையில் கிளித்தட்டு மறித்தோம். இங்கு வாழ்க்கை மின்தூக்கியிலும் மகிழுந்திலும் கழிகின்றது. வார இறுதியிலும் தமிழ் வகுப்பு, இசை வகுப்பு, மேலதிக வகுப்பு என்று பிள்ளைகள் கதிரை மாறிக் கதிரை அமர்கின்றனர். அவ்வகுப்புகள் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் கால்களுக்கும் உரியதாகட்டும்.

தந்தையர்க்கு ஒரு வேண்டுகோள். மகனைப் "போய் ஓடு" என்று ஏவாதீர்கள். அவனோடு நடவுங்கள். சுமைப்பையோடு அவன் நடக்கும் எட்டுக் கிலோமீற்றரில், வீட்டு மேசையில் பேசமுடியாதவற்றைப் பேச இடம் கிடைக்கும். நீங்கள் ஏன் அந்தச் சீருடையைக் கண்டு அஞ்சினீர்கள் என்பதையும், அவன் ஏன் அதை அணியவோ மறுக்கவோ எண்ணுகின்றான் என்பதையும் அந்த நடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். தாய்மாரும் உடன் நடப்பின் இன்னும் நன்று. புதல்வியரை வீட்டில் விட்டுச் செல்லவேண்டாம். கடிதம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக எலும்பும் இருதயமும் அவர்களுக்கு வேறாகிவிடவில்லை.

நம் பாடசாலைகளும் ஆண்டுக்கொருமுறை இல்ல விளையாட்டுப் போட்டி நடத்துவதோடு அமைந்துவிடலாகாது. மாதத்தில் ஒரு வகுப்பின் இறுதி அரைமணி நேரத்தைக் கிளித்தட்டுக்கு ஒதுக்கலாம். மேல்வகுப்பு மாணவர்களுக்கு, பயிற்சியை முடித்து வந்த முன்னாள் மாணவர்களை அழைத்து, தமிழிலேயே அனுபவத்தைக் கூறச் செய்யலாம். அச்செய்தி தமிழில் ஒலிக்கும்போது பெற்றோரின் அச்சமும் பாதி குறையும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் சீருடை அணிவீர்கள். சிலர் முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ சிவில் சேவை புரிவீர்கள். சிலருக்கு உடல்நிலை காரணமாக இரண்டும் வாய்க்காமற் போகலாம். எவ்வழியில் சென்றாலும் உங்களைச் சுமந்து செல்லப்போவது இந்த உடல்தான். கடிதம் இன்னும் வரவில்லையெனில் உங்களுக்குக் காலம் இருக்கின்றது. வரும் ஞாயிறு காலை, வெறும் பையோடு, ஐந்து கிலோமீற்றர் நடந்து தொடங்குங்கள்.